195 பேர் போதும்: நீலகிரிச் சரிவுப் பந்தயங்களைப் படம்பிடிக்கும் செலவும் வரவும்

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டச் சரிவில் டவுன்ஹில் சைக்கிள் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுகிறவர்கள் 60 பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் 150 பேர். அதில் பாதிப் பேர் ஓட்டுகிறவர்களின் அப்பா அம்மா, அண்ணன் தம்பி, மாமன் மச்சான். மறுவாரம் யூடியூபில் ஏறும் வீடியோவை 800 பேர் பார்க்கிறார்கள். இதை நம்பி அடுத்த பந்தயத்துக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? முடியும். ஆனால் அந்த 800-ஐ மறந்துவிட வேண்டும். பார்வைக் கணக்கில் இந்த விளையாட்டு என்றைக்கும் பிழைக்காது. ஆள் கணக்கில் பிழைக்கும்.

விளம்பரக் காசை முதலிலேயே தள்ளிவிடுவோம். யூடியூபில் விளம்பரப் பங்கு வாங்க 1,000 சந்தாதாரர்களும் கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் மாதிரி ரசிகரிடம் நேராகக் காசு வாங்கும் வசதிக்கு வரம்பு கொஞ்சம் இறங்கும்: 500 சந்தாதாரர், 90 நாளில் மூன்று வீடியோ, 3,000 மணி நேரம். 12 நிமிட வீடியோவை 800 பேர் சராசரியாக 5 நிமிடம் பார்த்தால் 67 மணி நேரம்கூட முழுசாகத் தேறாது. 3,000-ஐத் தொட அப்படி 45 வீடியோ போட வேண்டும். சீசனுக்கு ஆறு பந்தயம் நடக்கும் இடத்தில் 45 வீடியோவுக்கு எங்கே போவது? ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோ வரிசையில் வரும் பார்வை இந்த மணிக்கணக்கில் சேராது. ஷார்ட்ஸ் வழியாகவே உள்ளே போக 90 நாளில் 30 லட்சம் பார்வை கேட்கிறார்கள். தேயிலைச் செடிக்கு நடுவே ஒருவர் விழுந்து எழுவதை 30 லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று திட்டம் போடுவது திட்டமே அல்ல.

பெரிய கம்பெனி வந்து காட்டும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. மலைச் சைக்கிள் உலகக் கோப்பையை ரெட் புல் டிவி 2012 முதல் 2022 வரை இலவசமாகக் காட்டியது. 2023-இல் உரிமை வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரிக்குப் போனது. அதே குழுமம் ஜிசிஎன் பிளஸ் என்ற சைக்கிள் பந்தயச் செயலியை 2023 டிசம்பர் 19-இல் மூடியது. பிரிட்டனில் 2025 பிப்ரவரியோடு யூரோஸ்போர்ட்டும் போனது. மாதம் 6.99 பவுண்டுக்குப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதன்பின் 30.99 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. உலகக் கோப்பைக்கே கதி இது என்றால் கோத்தகிரிச் சரிவுக்கு யார் வரப்போகிறார்கள்? இன்னொரு பக்கம், டூர் டி பிரான்ஸ் 1903-இல் பிறந்ததே லோட்டோ என்ற பத்திரிகையின் விற்பனையைத் தூக்கத்தான். செய்திக்காகப் பந்தயம் நடத்திய கூட்டம் அது. நம் ஊரில் பந்தயம் இருக்கிறது, செய்திக்குத்தான் ஆள் இல்லை.

செலவை முதலில் எழுதுங்கள்

நன்கொடை கேட்கும் முன் ஒரு பந்தய நாளின் செலவைத் தாளில் எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை. "ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால் ஏதாவதுதான் வரும்.

இது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு கேமராக்காரர்கள், தலைக்கு 1,200: ஆக 4,800 ரூபாய். எட்டுப் பேருக்குக் காலை, மதியச் சாப்பாடும் டீயும் 2,000. டிரைவரோடு ஒரு ஜீப் 3,500. சிம் ரீசார்ஜ் 1,400. இரண்டு நாள் எடிட்டிங் 3,000. தமிழில் வர்ணனை சொல்ல இரண்டு பேருக்கு 2,000. பேட்டரி, மழையுறை, மெமரி கார்டு தேய்மானம் என்று 1,300. கூட்டினால் 18,000. ஆறு பந்தயத்துக்கு 1,08,000. இதோடு ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு: இரண்டு ஹார்டு டிஸ்க் 18,000, ரிப்பேருக்கு ஒதுக்கும் பணம் 24,000. மொத்தம் ஒன்றரை லட்சம்.

கேமரா வாங்கும் செலவு இதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறது. ரசிகர் காசில் கேமரா வாங்கினால் அந்த ஆண்டு சாப்பாட்டுக்கும் ஜீப்புக்கும் காசு இருக்காது. நல்ல கேமரா பெட்டியில் தூங்கும். இருக்கிற போனையும் பழைய ஹேண்டிகேமையும் வைத்து ஆறு பந்தயத்தையும் விடாமல் எடுப்பதற்குத்தான் ஆதரவு தொடரும். கூலியையும் பாருங்கள்: 1,200 ரூபாய் பெரிய தொகை இல்லை, ஆனாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். "நம்ம பசங்கதானே" என்று சும்மா நிற்க வைத்தால் முதல் சீசன் ஓடும். இரண்டாவது சீசனில் மூன்றாம் பந்தயத்துக்கு ஒருவருக்குக் கல்யாணம் வந்துவிடும், இன்னொருவருக்கு வேலை வந்துவிடும். கூலி வாங்கியவர் வர முடியாவிட்டால் மாற்று ஆளையாவது அனுப்பி வைப்பார்.

யார் கொடுப்பார்கள்

ஆயிரம் பேர் பார்த்தால் பத்துப் பேர் கொடுப்பார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 800 பேரில் எட்டுப் பேர். எட்டுப் பேரை வைத்து ஒன்றரை லட்சம் வராது. எனவே கேட்க வேண்டிய இடம் அதுவல்ல. இவ்வளவு சின்ன விளையாட்டில் ரசிகர் என்று தனியாக ஒரு இனம் கிடையாது. இன்று ஓட்டுகிறவர், முன்பு ஓட்டியவர், பிள்ளையை ஓட்ட விட்டவர், சைக்கிள் விற்கிறவர், பழுது பார்க்கிறவர். இவர்கள்தான் ரசிகர்கள். குன்னூரில் பத்துப் பேர், கோயம்புத்தூரில் ஐம்பது பேர், பெங்களூரில் வேலை பார்க்கும் ஊட்டிக்காரர்கள் இன்னொரு ஐம்பது பேர் என்று பெயர் சொல்லி எழுதிவிடக்கூடிய பட்டியல் இது.

முதல் வரவு நுழைவுக் கட்டணத்திலிருந்து வரட்டும். பந்தயம் நடத்துகிறவரிடம் பேசி, ஓட்டுகிற ஒவ்வொருவரிடமும் வீடியோவுக்கென்று 100 ரூபாய் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். ரசீதில் அது தனி வரியாக இருக்க வேண்டும், நுழைவுக் கட்டணத்துக்குள் கரைந்துவிடக் கூடாது. கரைந்தால் அடுத்த ஆண்டு யார் காசு என்ற பேச்சு வரும். 60 பேர், ஆறு பந்தயம்: 36,000 ரூபாய். மீதி 1,14,000.

இந்த மீதிக்கு மாதச் சந்தா போடலாமா? போடக் கூடாது என்பதே எங்கள் முடிவு. நீலகிரியில் சரிவுப் பந்தயத்துக்குத் தோதான காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல், மே சுற்றுலாக் கூட்டம். 2024 மே 7 முதல் வெளி வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்குத் தேவையில்லை, ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வரும் கேமரா வண்டிக்கு உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அக்டோபர் முதல் வடகிழக்கு மழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மலையே சரிந்ததை யாரும் மறக்கவில்லை. ஆக ஒன்பது மாதம் காட்ட ஒன்றும் இருக்காது. மாதா மாதம் 50 ரூபாய் போய்க்கொண்டிருப்பதை மூன்றாவது மாதம் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

ஆண்டுக்கு ஒரே தடவை 600 ரூபாய், டிசம்பர் 1 முதல் 20-க்குள். சம்பளம் வந்த வாரம், தீபாவளிக் கடனும் அடைந்திருக்கும், சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும். பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை வழியாக வாங்கினால் வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி: 600-க்கு 14 ரூபாய் 16 காசு போய் 585 ரூபாய் 84 காசு வரும். 1,14,000-ஐ அதால் வகுத்தால் 195 பேர்.

அதே வேலையை யூடியூப் மெம்பர்ஷிப்பில் செய்து பாருங்கள். மாதம் 59 ரூபாய்த் திட்டம். அதற்குள் இருக்கும் ஜிஎஸ்டியை எடுத்தால் 50. அதில் 70 சதவீதம் உங்களுக்கு, அதாவது 35 ரூபாய். பன்னிரண்டு மாதமும் ஒருவர் விடாமல் கட்டினால் அவர் கையை விட்டுப் போவது 708, உங்கள் கைக்கு வருவது 420. 1,14,000-க்கு 272 பேர் வேண்டும், அதுவும் ஒருவரும் நடுவில் கழன்றுகொள்ளாமல். ஐபோன் செயலி வழியாகக் கட்டுபவர்களிடம் இன்னும் குறையும். பணமும் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் பிடித்தம் வேறு கூடும். மெம்பர்ஷிப் பட்டன் இருந்துவிட்டுப் போகட்டும், பட்ஜெட்டை அதன்மேல் கட்டாதீர்கள். வெளிநாட்டு ஆதரவுத் தளங்களும் அப்படித்தான். தானாகப் பிடிக்கும் கார்டு தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் விதியை இறுக்கியபோது இந்தியக் கார்டுகளில் பல சந்தாக்கள் சத்தமில்லாமல் அறுந்துபோயின.

நேரடி யூபிஐ கியூஆர் இருக்க கேட்வே எதற்கு என்று கேட்பீர்கள். கியூஆருக்குக் கட்டணம் இல்லைதான். 195 பேருக்கு கேட்வே எடுத்துக்கொள்வது சுமார் 2,760 ரூபாய், இரண்டு நாள் எடிட்டிங் கூலியைவிடக் குறைவு. அந்தக் காசுக்கு பெயர், போன் நம்பர், ரசீது எல்லாம் தானாக ஒரே பட்டியலில் விழும். கியூஆரில் வந்த 600 யாருடையது என்று ஸ்டேட்மென்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும். மனைவி கணக்கிலிருந்து, அண்ணன் கணக்கிலிருந்து என்றெல்லாம் வரும். அப்படியும் கியூஆர்தான் என்றால், தொகையையும் குறிப்பையும் கியூஆருக்குள்ளேயே பொதித்து அச்சடியுங்கள். குறிப்பு எண்ணாகவே இருக்கட்டும், 0126 என்றால் 2026 ஜனவரிப் பந்தயம். தமிழில் எழுதினால் சில வங்கி ஸ்டேட்மென்டில் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

அவர்களுக்கு என்ன கிடைக்கும்

டீ-ஷர்ட் வேண்டாம். 280 ரூபாய்க்கு டீ-ஷர்ட் அடித்து 70 ரூபாய்க்கு அனுப்பினால் 600-இல் மிச்சம் 250. அளவு மாற்றிக் கேட்பவர்களுக்கு இன்னொரு 70. தேயிலைப் பொட்டலம், ஊட்டி வர்க்கி எல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கொரியரில் போன வர்க்கி தூளாகத்தான் இறங்கும். வர்க்கியைக் கேமராக்காரர்களுக்குக் கொடுங்கள்.

கொடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஓட்டிய ஒவ்வொருவருக்கும் அவரவர் ஓட்டத் துண்டு. டவுன்ஹில்லில் ஒருவர் பின் ஒருவராக, ஒரு நிமிட இடைவெளியில் விடுகிறார்கள். அதுதான் நமக்கு வரம். கேமரா ஒரே இடத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் 60 பேரும் அதன் முன்னால் வந்தே ஆக வேண்டும். யார் எப்போது கிளம்பினார், எவ்வளவு நேரம் எடுத்தார் என்பது முடிவுப் பட்டியலில் இருக்கிறது. கேமரா நேரம் சரியாக இருந்தால், மூன்றாவது வளைவில் அவர் எப்போது வந்திருப்பார் என்று கணக்குப் போட்டே வெட்டலாம். அந்த வளைவு ஓட்டத்தின் 40 சதவீதத்தில் வருகிறது என்றால், கிளம்பிய நேரத்தோடு மொத்த ஓட்ட நேரத்தில் 40 சதவீதத்தைக் கூட்டி, முன்னும் பின்னும் பத்து நொடி விடுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ வெட்டும் இலவச மென்பொருள் தெரிந்த பையன் ஒருவர் இருந்தால் 60 துண்டும் ஒரு டீ குடிப்பதற்குள் வெட்டப்பட்டிருக்கும். தெரியாவிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம், மூன்று மணி நேர வேலை. கேமரா நேரத்தைச் சரி செய்ய, காலையில் நான்கு கேமராக்காரர்களும் ஒரே போனின் கடிகாரத் திரையை ஐந்து நொடி படம் பிடித்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும். கேமராக்காரர் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், 31-ஆவது ஆள் பதிவாகியிருக்க மாட்டார். அந்த 31-ஆவது ஆளின் அப்பாதான் 600 கட்டியவராக இருப்பார். 25 நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தி மறுபடி அழுத்த வேண்டும். ஹேண்டிகேமில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, ஒரு வளைவு ஒப்பீடு. ஆதரவு தருபவர்கள் உண்மையில் காசு கொடுப்பது இதற்குத்தான் என்பது எங்கள் கருத்து. செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வேகம் வித்தியாசப்படும் ஒரு வளைவைத் தேர்ந்தெடுங்கள். சில்வர் ஓக் வேர் குறுக்கே போகிற, ஈரம் காயாத வளைவு என்றால் நல்லது. வளைவின் வாயில் ஒரு மூங்கில் குச்சி, வெளியேறும் இடத்தில் ஒரு குச்சி. இரண்டிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். பிளாஸ்டிக் ரிப்பன் வேண்டாம், நீலகிரியில் பல பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. இரண்டு குச்சியும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி ட்ரைபாட்டை நிறுத்தி, அதன் நடுத் தண்டில் கல் போட்ட பையைத் தொங்கவிடுங்கள். தேயிலைத் தோட்ட மண் பொலபொலப்பானது, ட்ரைபாட் கால் ஒரு மணி நேரத்தில் ஒரு விரற்கடை இறங்கிவிடும். இறங்கினால் ஒப்பீடு போச்சு. காலுக்கு அடியில் தட்டைக் கல் வைத்தால் நிற்கும். நொடிக்கு 60 பிரேம், ஷட்டர் 250-இல் ஒரு பங்கு. ஃபோகஸை முதல் குச்சியில் பூட்டிவிடுங்கள், எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் மூடுபனி வந்ததும் கேமரா பனியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், சைக்கிளை அல்ல.

எடிட்டிங்கில் இரண்டு பேரையும் முதல் குச்சியைத் தாண்டும் பிரேமில் ஒன்றாக நிறுத்தி, மேல் அடுக்கைப் பாதி வெளிர வைத்து ஓடவிடுங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். ஒருவர் 246 பிரேமில் வெளியே வருகிறார், அதாவது 4.10 நொடி. இன்னொருவர் 271 பிரேம், 4.52 நொடி. 25 பிரேம் எங்கே போனது என்று கண்ணாலேயே பார்க்கலாம்: இரண்டாமவர் வேருக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்துவிட்டார், முதலாமவர் வேரைத் தாண்டிய பிறகு பிடித்தார். இந்த நாற்பது நொடி வீடியோவை ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பில் சண்டை போடுவார்கள், அடுத்த பந்தயத்துக்கு முன் இன்னொன்று கேட்பார்கள். பந்தயத்துக்கு ஒன்று எடுத்தால் போதும். ஒப்பீடு செய்யாமல் விட்ட வளைவுகளை மழைக்காலத்தில் பழைய பதிவிலிருந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 195 பெயரும் வர வேண்டும். செலவில்லாதது, மறந்தால் மன்னிக்கப்படாதது. பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று பணம் கட்டும் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

நேரலை

எல்லாரும் முதலில் கேட்பது நேரலை. கடைசியில் சேர்க்க வேண்டியதும் அதுதான். இந்தப் பந்தயத்தை நேரலையில் பார்க்கக்கூடியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் சரிவிலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

செய்துதான் ஆவேன் என்றால் முடிவுக் கோட்டில் மட்டும், ஒரே கேமரா, திரையில் நேரம். 720-இல், நொடிக்கு 3 மெகாபிட். மணிக்கு 1.35 ஜிபி போகும், நான்கு மணி நேரத்துக்கு 5.4 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் இருக்கும் சிம் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்து 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும், இறுதிச் சுற்று தொடங்கும் நேரம் பார்த்து. தனி டேட்டா பேக் போட்டிருக்க வேண்டும். அப்லோட் வேகம் குறைந்தது 6 மெகாபிட் இருக்கிறதா என்று பந்தயம் நடக்கும் அதே கிழமையில், அதே மணியில் சோதியுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பறக்கும் டவர், ஞாயிறு மதியம் சுற்றுலாக்காரர்களின் போட்டோவில் மூச்சுத்திணறும். மலை மடிப்புக்குள் இருபது அடி நகர்ந்தால் சிக்னல் போகும், இன்னொரு கம்பெனி சிம்மில் வரும். இரண்டு கம்பெனி சிம்மாவது வேண்டும். எஸ்டேட் ஆபீஸிலோ ஃபேக்டரியிலோ ஃபைபர் இருந்தால் கெஞ்சிக் கேட்டு வாங்குங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைதான் நம்பகம். போனிலிருந்து நேரலை போக சேனலுக்கு 50 சந்தாதாரர் வேண்டும். முதல் தடவை வசதியைத் திறக்க 24 மணி நேரம் ஆகலாம் என்பதைப் பந்தயத்தன்று காலையில் கண்டுபிடிக்காதீர்கள்.

நேரலையோ பதிவோ, முடிவுக் கோட்டில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் தீர்ந்தது. காப்புரிமைக் கோரிக்கை வந்து அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமைக்காரருக்குப் போகும், நேரலை நடுவிலேயே நிறுத்தப்படலாம். மைக்காரரிடம் முதல் நாளே பேசுங்கள்: ஓட்டம் நடக்கும்போது பாட்டு வேண்டாம், இடைவேளையில் போட்டுக்கொள்ளட்டும். வர்ணனை மைக்கைத் தனி டிராக்கில் பதிந்தால், பாட்டு கலந்த சுற்றுச் சத்தத்தைப் பின்னால் வெட்டிவிடலாம்.

ட்ரோன் பற்றியும் கேட்பார்கள். 250 கிராமுக்குக் கீழே என்றால் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது 2021 ட்ரோன் விதி. ஆனால் எடை குறைவு என்பதற்காக எங்கும் பறக்கவிட முடியாது. வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரி. குன்னூரைச் சுற்றி எங்கே பறக்கவிட்டாலும் முதலில் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். காப்புக்காடு, முதுமலைப் பக்கம் என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் பேச்சே இல்லை. தடம் தோட்டத்துக்குள்ளேயே போகிறதா, நடுவில் காப்புக்காட்டை ஒரு முழமாவது தொடுகிறதா என்று எஸ்டேட் மேனேஜரோடு நடந்து பாருங்கள். விடியற்காலையில் கேமராக்காரரைத் தனியாக ஒரு வளைவில் இறக்கிவிட்டு வராதீர்கள். தேயிலைக்குள் காட்டெருமை நிற்பது பத்தடி வரைக்கும் தெரியாது.

பணத்தை வைக்கும் இடம்

ஒருவருடைய சொந்த சேமிப்புக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் அன்பளிப்பாக வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வரிக்கு உட்படும். போதாததற்கு, அனுப்பியவர்களில் எவரோ ஒருவர் கணக்கு சைபர் புகாரில் சிக்கினால் உங்கள் கணக்கும் முடங்கலாம், அதில் வீட்டு வாடகையும் சேர்ந்து நிற்கும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கம் பதிய ஏழு பேர் போதும். சங்கத்தின் பெயரில் பான், நடப்புக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. சேவைக்கான ஜிஎஸ்டி வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம், நாம் அந்தப் பக்கமே போகவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் தருகிறேன் என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே ஆள் குடியுரிமை மாறி ஓசிஐ அட்டையில் இருந்தால் அவர் தரும் நன்கொடை 2010 வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும், அந்தச் சட்டத்தில் பதிவில்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. லண்டன் மாமா கோபித்துக்கொண்டாலும் ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஒவ்வொரு பந்தயம் முடிந்த 48 மணி நேரத்தில் வரவு செலவை ஒரு பக்கமாக வெளியிடுங்கள். ஜீப் 3,500 என்று திட்டம் போட்டு 4,200 ஆனால் 4,200 என்றே எழுதி, ஏன் என்றும் எழுதுங்கள். பணம் செலவழிப்பவர் ஒருவர், வங்கி ஸ்டேட்மென்ட் பார்ப்பவர் வேறொருவர்.

டிசம்பர் 20-இல் 195-க்குப் பதில் 130 பேர்தான் வந்தார்கள் என்றால் என்ன செய்வோம் என்பதைக் காசு கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். 65 பேர் குறைந்தால் சுமார் 38,000 ரூபாய் துண்டு விழும். வெட்டும் வரிசை இது: முதலில் நேரலைக்கான சிம் செலவு, அடுத்து இரண்டு வர்ணனையாளரில் ஒருவர், அப்புறம் நாலாவது கேமரா. மூன்றும் சேர்ந்தாலும் பந்தயத்துக்கு 3,600 தான் மிஞ்சும், ஆறுக்கு 21,600. மீதிக்கு ஆறு பந்தயம் நான்காகும். ஐந்தோடு நிறுத்த முடியாது, ஏனென்றால் குறையும் ஒவ்வொரு பந்தயத்திலும் ஓட்டுபவர்களின் 100 ரூபாயும் வராது என்பதைக் கணக்கில் மறக்காதீர்கள். ஓட்டத் துண்டும் வளைவு ஒப்பீடும் கடைசி வரை வெட்டப்படாது. மழையிலோ மண்சரிவிலோ பந்தயமே நின்றால் அந்தப் பங்கைத் திருப்பித் தருவதா, அடுத்த சீசனுக்கு வைப்பதா என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். திருப்பித் தருகிறோம் என்றால் பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால் எல்லாரும் கேட்பார்கள்.

பதிவுகளைப் பற்றி. நொடிக்கு 50 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 22.5 ஜிபி. நான்கு கேமரா, நான்கு மணி நேரம், பந்தயத்துக்கு 360 ஜிபி. ஆறுக்கு 2.16 டிபி. அதனால்தான் 4 டிபி டிஸ்க் இரண்டு. லென்ஸும் டிஸ்க்கும் ஊட்டி ஈரத்தில் பீரோவுக்குள் சும்மா கிடந்தால் ஆகஸ்டுக்குள் லென்ஸில் பூஞ்சை நூல் விட்டிருக்கும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அது நிறம் மாறியதும் வாணலியில் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் எடுத்த கேமராவை நேராக அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோனால் உள்ளே நீர் கோத்துவிடும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். பேட்டரி குளிரில் சீக்கிரம் சாகும், ஸ்வெட்டரின் உள்பையில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். இரண்டு டிஸ்கில் ஒன்றை மலையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். மேலே பந்தயத் தேதியும் கேமரா எண்ணும் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கட்டும், பென்சிலில். மார்க்கர் மை ஈரத்தில் பரவிவிடும்.